மணியும் நூலும்
(எம்பெருமான் திருமார்பில் திகழும் மணிகள் உணர்த்தும் பொருள்)

உத்ஸவ காலங்களில் எம்பெருமான் திருவாபரணங்களுடன் எழுந்தருளும்போது அன்பர்களின் கண்கள் முதலில் நாடுவது அந்த ஆபரணங்களையே. திருவரங்கத்தில் மார்கழி மாதத்துத் திரு அத்யயன உத்ஸவத்தில் மூலவரின் முத்தங்கி ஸேவையையும், வைகுண்ட ஏகாதசியன்று நம்பெருமாளின் இரத்தினாங்கி ஸேவையையும் காண நாடெங்கிலுமிருந்து அடியார்கள் திரள்கின்றனர். மேல்கோட்டையில் பங்குனி மாதத்து வைரமுடி ஸேவைக்காக இரவெல்லாம் கண்விழித்துக் காத்திருப்போர் பல்லாயிரவர். முத்தும் மாணிக்கமும் தீப ஒளியில் மின்னும்போது, "இவை எத்தனை இலட்சம் பெறும்?" என்று ஒருவரை ஒருவர் வினவுவதும் உண்டு.

சாஸ்திரம் எழுப்பும் வினா வேறு. எம்பெருமான் அவாப்த ஸமஸ்த காமன். அடைய வேண்டியதொன்றும் இல்லாதவன். அவனுடைய திருமேனியழகே ஆபரணங்களுக்கும் அழகூட்டுவது என்று பெரியோர் கூறுவர். அத்தகையவன் மணிகளை ஏன் அணிய வேண்டும்? அணிந்த மணிகளால் நமக்கு எதை அறிவிக்கிறான்? இவ்வினாவிற்கு விடை தெரிந்தால், திருவாபரண ஸேவை கண்ணுக்கு மட்டுமன்றிக் கருத்துக்கும் விருந்தாகும்.

தமிழில் 'மணி' என்னும் சொல்லின் பரப்பு மிகப் பெரிது. இரத்தினமும் மணி, கோத்த மாலையில் உள்ள ஒவ்வொரு குண்டும் மணி, வயலில் விளையும் நெல்லும் மணி, கண்ணின் பாவையும் மணி. அரியது, சிறியது, ஒளியுடையது, பேணிக் காக்கத்தக்கது என்னும் கருத்துகள் யாவும் இச்சொல்லில் அடங்கும். நீலமணியின் நிறம் உடையவன் ஆதலின் எம்பெருமானும் மணிவண்ணன் எனப் பெயர் பெற்றான். இவ்வாறு, அணியப்படுவதற்கும் அணிபவனுக்கும் ஒரே சொல் பொருந்தி நிற்பதைக் காண்கிறோம்.

ஆபரணங்களாக நிற்கும் தத்துவங்கள்

ஸ்ரீ விஷ்ணு புராணத்தில் முதல் அம்சத்தின் 22-ஆம் அத்தியாயத்திற்கு 'அஸ்த்ர பூஷண அத்தியாயம்' என்ற பெயர் வழங்குகிறது. பராசர மகரிஷி மைத்ரேயருக்கு உபதேசிக்கும் முறையில் அமைந்த இப்பகுதியில், எம்பெருமான் தரித்துள்ள ஒவ்வோர் ஆயுதமும் ஒவ்வோர் ஆபரணமும் எந்தத் தத்துவத்திற்கு அபிமானமாக உள்ளது என்பது விளக்கப்படுகிறது.

அதன்படி, திருமார்பில் விளங்கும் கௌஸ்துப மணி ஜீவாத்ம தத்துவம். ஸ்ரீவத்ஸம் என்னும் மறு மூலப் பிரகிருதி. கதை, புத்தி தத்துவம். சங்கும் சார்ங்க வில்லும் அகங்காரத்தின் இரு வகைகள். காற்றினும் விரைந்து சுழலும் சக்கரம், மனம். அம்புகள் இந்திரியங்கள். வாள் ஞானம், அதனை மூடும் உறை அஞ்ஞானம். வைஜயந்தி என்னும் மாலை, பஞ்சபூதங்களும் அவற்றிற்குக் காரணமான தன்மாத்திரைகளும். இப்பொருள் முழுவதையும் ஸ்வாமி வேதாந்த தேசிகன் ஸ்ரீமத் ரஹஸ்யத்ரய ஸாரத்தில் ஒரே தமிழ்ப் பாசுரத்தில் அடக்கி அருளிச்செய்துள்ளார்.

ஸ்ரீமத் பாகவதத்தின் 12-ஆம் ஸ்கந்தத்திலும் இத்தகைய விளக்கம் உண்டு. அங்குக் கௌஸ்துபம் ஆத்ம ஜோதியாகவும், வனமாலை முக்குணங்களாலான மாயையாகவும், பீதாம்பரம் வேதச் சந்தஸ்ஸாகவும், பூணூல் மூன்றெழுத்தாலான பிரணவமாகவும், மகர குண்டலங்கள் ஸாங்கிய யோகங்களாகவும் கூறப்படுகின்றன.

இரண்டு நூல்களும் சில இடங்களில் வேறுபடினும், ஒரு முடிவில் ஒன்றுபடுகின்றன. உலகில் உள்ள சேதனமும் அசேதனமும் எம்பெருமானால் சுமக்கப்படுகின்றன. அவனுக்கு அவை பாரமல்ல, ஆபரணம். இதுவே ஆபரணங்கள் கற்பிக்கும் முதற்பாடம்.

வைஜயந்தியின் ஐந்து மணிகள்

வைஜயந்தி ஐந்து வடிவுடைய மாலை என்று விஷ்ணு புராணம் கூறும். அந்த ஐந்து வடிவம் யாது? முத்து, மாணிக்கம், மரகதம், இந்திரநீலம், வைரம் என்னும் ஐவகை மணிகளால் ஆனது என்பது வியாக்கியானம். விஷ்ணு ரஹஸ்யம் என்னும் நூலின் வழியாக வேறொரு வரிசையும் வழங்கிவருகிறது. அதில் பூமியிலிருந்து நீலமும், நீரிலிருந்து முத்தும், தீயிலிருந்து கௌஸ்துபமும், காற்றிலிருந்து வைடூரியமும், ஆகாயத்திலிருந்து புஷ்பராகமும் தோன்றுவதாகச் சொல்லப்படுகிறது.

இவ்விரு வரிசைகளையும் கண்டு மயங்க வேண்டுவதில்லை. மணிகளின் பெயர் மாறினும் எண் ஐந்தே. அவை குறிக்கும் பூதங்களும் ஐந்தே. நீரில் பிறக்கும் முத்து இரண்டிலும் இடம்பெற்றுள்ளது. தீயின் மணியாகக் கௌஸ்துபம் கூறப்பட்டதற்கும் பொருத்தம் உண்டு. பாற்கடல் கடைந்தபோது தோன்றிய கௌஸ்துபம் பதுமராகம் என்னும் செம்மணியே என்று ஸ்ரீமத் பாகவதத்தின் 8-ஆம் ஸ்கந்தம் கூறுகிறது. செந்தழல் போன்ற நிறமுடைய மணி தீயைக் குறிப்பது இயல்பன்றோ!

கருட புராணத்தில் இரத்தினங்களின் தோற்றம் குறித்து ஓர் அரிய வரலாறு உண்டு. வலன் என்னும் அசுரன் தேவர்களை வென்றவன், எவராலும் வெல்லப்படாதவன். தேவர்கள் அவனிடம் சென்று, தங்கள் வேள்விக்கு யாகப் பசுவாக வேண்டும் என்று யாசித்தனர். கொடுத்த வாக்கைக் காக்க அவன் தன் உடலையே அளித்தான். அவ்வாறு தூய்மை பெற்ற உடலின் எலும்புகள் வைரமாயின, பற்கள் முத்தாயின, இரத்தம் மாணிக்கமாயிற்று, பித்தம் மரகதமாயிற்று, கண்கள் இந்திரநீலமாயின. வைஜயந்தியில் வியாக்கியானம் கூறும் ஐந்து மணிகளும் இவ்வரலாற்றில் இடம்பெறுவது கருதத்தக்கது. தனக்கென வைத்துக்கொண்டவரை அது வெறும் உடல். பிறர்க்கென ஈந்தபின் அதுவே மணி. அசுர குலத்தில் பிறந்தவனுடைய உடலும் ஈகையினால் இரத்தினமாயிற்று என்றால், பிறப்பினால் தாழ்வு சொல்ல யாருக்கு உரிமை உண்டு?

ஒரே கல், பல நிறம்

மணிகளைப் பற்றி இக்காலத்து நூலோர் ஆராய்ந்து கூறும் செய்திகளும் இத்தத்துவத்திற்குத் துணை நிற்கின்றன. மாணிக்கமும் நீலமும் வெவ்வேறு இரத்தினங்களாக எண்ணப்படினும், இரண்டும் குருந்தக்கல் என்னும் ஒரே கல்வகையைச் சேர்ந்தவை. தூய நிலையில் அக்கல் நிறமற்றது. குரோமியம் என்னும் உலோகம் சிறிதளவு கலந்தால் செந்நிறம் பெற்று மாணிக்கமாகிறது. இரும்பும் டைட்டானியமும் சிறிது கலந்தால் நீலமாகிறது. 'குருந்தம்' என்னும் தமிழ்ச்சொல்லே மேனாட்டாரின் கல்லியல் நூல்களிலும் அக்கல்லின் பெயராகச் சென்று நிலைத்துவிட்டது.

ஜீவாத்மாக்களின் நிலையும் இத்தகையதே. ஸ்வரூபத்தில் எல்லா ஆத்மாக்களும் ஞானமும் ஆனந்தமும் உடையவை, தம்முள் வேறுபாடற்றவை. கர்மத்தின் சேர்க்கையால் தேவர், மனிதர், விலங்கு, தாவரம் என்னும் வேறுபாடுகள் தோன்றுகின்றன. நிறத்தைக் கண்டு இது உயர்ந்த கல், அது தாழ்ந்த கல் என்று கடைவீதியில் விலை பேசலாம். கல்லின் உள்ளியல்பை அறிந்தவனோ இரண்டும் ஒன்றென்று அறிவான்.

வைரம் கரியின் இனம் என்பதும் இங்கே நினைக்கத்தக்கது. அடுப்பில் எரியும் கரியும் முடியில் ஒளிரும் வைரமும் ஒரே பொருளின் இரு நிலைகள். பூமியின் ஆழத்தில் கடும் வெப்பத்தையும் அழுத்தத்தையும் தாங்கியது வைரமாயிற்று. முத்தோ கல்லே அன்று. சிப்பிக்குள் வாழும் உயிர், தன் உடலுள் புகுந்த உறுத்தலைச் சூழ்ந்து அடுக்கடுக்காகச் சுரக்கும் ஒளிப்பூச்சினால் உண்டாவது. துன்பத்தைப் பொறுத்த இடத்தில் மணி பிறந்தது என்பதற்கு முத்தினும் சிறந்த சான்று வேறில்லை.

துளையிட்ட மணியே மாலையில் சேரும்

தமிழகம் மணித்தொழிலில் தொன்மையான புகழ் பெற்ற நாடு. பாண்டியரின் கொற்கைத் துறைமுகம் முத்துக்குப் பெயர்பெற்று விளங்கியது. மன்னார் வளைகுடாவில் பல நூற்றாண்டுகள் நடைபெற்று வந்த முத்துக்குளிப்பு, தூத்துக்குடிக் கரையில் 1961-ஆம் ஆண்டோடு நின்றது. ஈரோடு மாவட்டத்தில் நொய்யலாற்றின் கரையிலுள்ள கொடுமணல், பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்ற பெயரில் அணிகலன்களுக்காகப் போற்றப்படும் ஊர். 1985-ஆம் ஆண்டு முதல் அங்கு நடைபெற்ற அகழாய்வுகளில் பளிங்கு, பச்சைக்கல், சூதுபவளம், நீலம் முதலிய கற்களாலான மணிகளும், துளையிடப்படாமல் பாதி வேலையோடு நின்ற மணிகளும் கிடைத்துள்ளன. அவ்வூருக்கு அணித்தான படியூர் பச்சைக்கல்லுக்குப் பெயர்பெற்றது. மதுரை மாநகரின் இரத்தினக் கடைவீதியைச் சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதை விரித்துரைப்பதைத் தமிழறிந்தோர் அறிவர்.

பூமியில் கிடைத்த கல் அவ்வாறே மாலையில் சேர்வதில்லை. முதலில் உடைத்துச் செதுக்கி உருவாக்க வேண்டும். சூதுபவளத்தைத் தீயில் வாட்டுவர்; அதனால் அதன் செந்நிறம் மிகும். பின்னர்ச் சாணையில் தேய்த்து வழவழப்பாக்கி, நுண்ணிய துளையிட்டு, மெருகேற்றுவர். இவற்றுள் துளையிடுதலே கடினமான வேலை. கை சற்றே பிசகினாலும் பல நாள் உழைத்த மணி பிளந்துவிடும். கடினமான கல்லைத் துளைக்க வைரமுனை வேண்டும் என்பதால், மணியைத் துளைக்கவும் ஒரு மணியே உதவுகிறது என்று கூறலாம்.

எவ்வளவு ஒளியுடையதாயினும் துளையில்லாத மணி நூலை ஏற்காது, மாலையிலும் சேராது. 'நான்', 'எனது' என்னும் இரண்டும் நிரம்பி, உள்ளே இடைவெளி சிறிதும் இல்லாத மனமும் இத்தன்மையதே. ஆசாரியனுடைய உபதேசம் அந்த அகங்காரத்தைத் துளைக்கிறது. துளைக்கப்படும்போது நோவு உண்டு. துளைக்கப்பட்ட பின்னரே எம்பெருமானாகிய நூல் உள்ளே நிற்பது விளங்குகிறது. தான் ஆசாரியனாய்ப் பிறரைத் துளைக்க வல்லவனும் முன்னொரு நாள் தன் ஆசாரியனிடம் துளைக்கப்பட்டவனே. குரு பரம்பரை என்பது இதுவே.

கண்ணுக்குத் தெரியாத நூல்

ஸ்ரீமத் பகவத் கீதையின் 7-ஆம் அத்தியாயத்தில் கண்ணபிரான் அர்ச்சுனனை நோக்கி, நூலில் மணித்திரள்கள் கோக்கப்பட்டிருப்பதுபோல இவையனைத்தும் தன்னிடத்தில் கோக்கப்பட்டுள்ளன என்னும் பொருள்பட அருளிச்செய்கிறான். எம்பெருமானார் தம் கீதா பாஷ்யத்தில் இதற்குப் பொருள் அருளும்போது, காரண நிலையிலும் காரிய நிலையிலும் உள்ள சேதன அசேதனங்கள் யாவும் அவனுக்குச் சரீரமாய், அவனை ஆத்மாவாகப் பற்றியே நிற்கின்றன என்று விளக்குகிறார்.

மாலையைக் காண்பவர் மணிகளையே காண்பர், நூலைக் காண்பதில்லை. ஆயினும் மணிகளை வரிசை பிறழாமல் தாங்குவது நூலே. நூல் அறுமாயின் விலைமதிப்பற்ற மணிகளும் தரையில் சிதறி, கால்களில் மிதிபடும். முத்து வடம் கோக்கும் கைவினைஞர் ஒவ்வொரு முத்துக்கும் இடையே பட்டுநூலில் முடிச்சிடுவதுண்டு. முத்துகள் ஒன்றோடொன்று உரசித் தேயாமலும், நூல் அறுந்தால் அனைத்தும் ஒருங்கே உதிராமலும் காக்க இம்முறை உதவுகிறது. அருகருகே இருந்தும் உரசாமல் வாழ்வதற்கு நூலின் துணை வேண்டும் என்னும் குறிப்பை இதிலும் கொள்ளலாம்.

உவமை எல்லா வகையிலும் ஒவ்வாது என்பதையும் மறக்கலாகாது. நூல் அறுந்த பின்னும் மணி மணியாகவே கிடக்கும். ஜீவனோ எம்பெருமானை விட்டு ஒரு கணமும் நிலைபெறாது. மேலும், உலகில் மாலையை அணிபவன் வேறு, மாலைக்குள் இருக்கும் நூல் வேறு. எம்பெருமானிடத்தில் இரண்டும் ஒன்றே. வைஜயந்தியைத் திருமார்பில் தரிப்பவனும் அவன். அம்மணிகளுக்குள் நூலாய் ஊடுருவி நிற்பவனும் அவன். வெளியே நின்று தாங்குவதனால் ஆதாரம். உள்ளே நின்று நடத்துவதனால் அந்தர்யாமி.

கௌஸ்துபமும் சியமந்தகமும்

புராணங்களில் இரண்டு மணிகளின் வரலாறுகள் புகழ்பெற்றவை. ஒன்று கௌஸ்துபம், மற்றொன்று சியமந்தகம்.

சியமந்தக மணியைச் சூரியனிடமிருந்து ஸத்ராஜித் பெற்றான். அது நாள்தோறும் எட்டுப் பாரம் பொன் தரும் என்று விஷ்ணு புராணம் கூறும். அதனை அணிந்து வேட்டைக்குச் சென்ற அவன் தம்பி பிரஸேனன் சிங்கத்தால் மாண்டான். சிங்கம் ஜாம்பவானால் மாண்டது. கண்ணபிரானே மணிக்காகப் பிரஸேனனைக் கொன்றான் என்ற வீண்பழி எழுந்தது. கண்ணன் காட்டினுள் சென்று ஜாம்பவானை வென்று மணியை மீட்டு, தான் வைத்துக்கொள்ளாமல் ஸத்ராஜித்திடமே கொடுத்தான். பின்னர் அம்மணியின் பொருட்டே ஸத்ராஜித்தை உறக்கத்தில் சததன்வா கொன்றான், சததன்வாவும் மாண்டான். இறுதியில் மணி அக்ரூரரிடம் தங்கியது.

கௌஸ்துபத்தால் எவரும் மாண்டதாக வரலாறில்லை. பாற்கடலில் தோன்றிய அன்று எம்பெருமான் அதனைத் திருமார்புக்கு உகந்ததாகக் கொண்டான். அன்று முதல் அது அங்கேயே உள்ளது. இரண்டும் மணிகளே. "இது என்னுடையது" என்று மனிதன் கழுத்தில் ஏறிய மணி குடும்பத்தை அழித்தது. "நான் உன்னுடையவன்" என்று எம்பெருமான் மார்பில் ஏறிய மணி ஜீவாத்ம தத்துவத்திற்கே அடையாளமாயிற்று. மணியின் பெருமை மணியில் இல்லை. அது இருக்கும் இடத்தில் உள்ளது.

குலசேகரரும் காணாமற்போன ஆரமும்

ஆழ்வார்களுள் குலசேகரப் பெருமாளைக் கௌஸ்துபத்தின் அம்சமாகவும், தொண்டரடிப்பொடி ஆழ்வாரை வனமாலையின் அம்சமாகவும் குரு பரம்பரை நூல்கள் கொண்டாடுகின்றன. மாசிப் புனர்பூசத்தில் சேர மன்னராக அவதரித்து, 105 பாசுரங்களாலான பெருமாள் திருமொழியை அருளிச்செய்த குலசேகரருடைய சரிதத்தில் ஒரு மணி ஆரத்தைப் பற்றிய நிகழ்ச்சி இருப்பது சிந்திக்கத்தக்கது.

மன்னர் அடியார்களிடம் கொண்ட ஈடுபாட்டினால் அரண்மனையில் எந்நேரமும் ஸ்ரீவைஷ்ணவர்கள் நிறைந்திருந்தனர். அமைச்சர்களுக்கு இது பொறுக்கவில்லை. ஸ்ரீராம நவமி உத்ஸவத்தின்போது பெருமாளுக்குச் சாற்றிய இரத்தின ஆரத்தை அவர்கள் ஒளித்துவைத்து, "அரண்மனையில் தங்குதடையின்றி நடமாடும் இவ்வடியார்களே எடுத்திருக்க வேண்டும்" என்று மன்னரிடம் பழி கூறினர்.

மன்னர் அடியார்களை விசாரணைக்கு அழைக்கவில்லை. அவர்களுடைய மூட்டைகளை அவிழ்க்கச் சொல்லவுமில்லை. கொடிய நாகத்தைக் குடத்தில் இட்டுக் கொண்டுவரச் செய்தார். "எம்பெருமானுடைய அடியார்கள் இத்தகைய செயலைச் செய்திருப்பாராயின் இந்நாகம் என்னைத் தீண்டட்டும்" என்று ஆணையிட்டுத் தம் கையைக் குடத்தினுள் இட்டார். நாகம் தீண்டவில்லை. அமைச்சர்கள் நடுங்கி, உண்மையை ஒப்புக்கொண்டு, ஆரத்தைக் கொணர்ந்து வைத்து மன்னிப்பு வேண்டினர். மன்னரும் பொறுத்தருளினார்.

அமைச்சர்கள் ஆரத்தின் விலையை அறிந்தவர்கள். அடியாரின் விலையை அறியாதவர்கள். குலசேகரரோ இரண்டையும் அறிந்தவர். ஆரம் போனால் மற்றோர் ஆரம் செய்து சாற்றலாம். அடியார் ஒருவர் மனம் நொந்து வெளியேறினால் அவ்விடத்தை எந்த இரத்தினத்தால் நிரப்புவது? கௌஸ்துபத்தின் அம்சமானவர், தம்மைப் போன்ற மணிகளை அடியார்களிடத்தில் கண்டார். ஆகவேதான் அவர்கள்பொருட்டுத் தம் உயிரையே பணயமாக வைத்தார்.

அணிவோர் அறிய வேண்டுவன

நவமணிகளை நவக்கிரகங்களோடு இயைத்துக் கூறும் வழக்கு நெடுங்காலமாக உண்டு. மாணிக்கம் சூரியனுக்கும், முத்து சந்திரனுக்கும், பவளம் செவ்வாய்க்கும், மரகதம் புதனுக்கும், புஷ்பராகம் குருவுக்கும், வைரம் சுக்கிரனுக்கும், நீலம் சனிக்கும், கோமேதகம் இராகுவுக்கும், வைடூரியம் கேதுவுக்கும் உரியன என்பர். அழகிற்காகவும் குல வழக்கிற்காகவும் இவற்றை அணிவதில் தவறில்லை. ஆயின், அச்சத்தினால் கடன் வாங்கி மோதிரம் இழைத்து, "இக்கல் என்னைக் காக்கும்" என்று நம்புவது சரணாகதி செய்தவனுக்குத் தகுமா? கிரகங்களும் கற்களும் எவனுடைய மாலையில் மணிகளோ, அவனைப் பற்றியவன் மணியைக் கண்டு அஞ்ச வேண்டுவதில்லை. மணியிடம் அடைக்கலம் புக வேண்டுவதும் இல்லை.

அடியார்கள் அணிவதற்கென்று பெரியோர் விதித்த மணிகள் எளியவை. திருத்துழாய்க் கட்டையில் கடைந்த துளசி மணியும், தாமரை விதையாலான தாமரை மணியும் வைஷ்ணவ லக்ஷணங்களாகப் போற்றப்படுகின்றன. துளசி எம்பெருமானுக்கு உகந்தது. தாமரை பிராட்டியின் இருப்பிடம். ஆகவே இவ்விரு மாலைகளையும் கழுத்தில் தரிப்பவன், தான் பிராட்டியோடு கூடிய பெருமானுக்கு உரியவன் என்பதை ஓயாது நினைவில் கொள்கிறான். இவற்றைத் திருடர் விரும்பார், பேழையில் பூட்ட வேண்டுவதில்லை, ஏழைக்கும் எட்டும். எம்பெருமான் கௌஸ்துபமாக அடியானை அணிகிறான். அடியான் துளசி மணியால் எம்பெருமானை அணிகிறான்.

கோயில்களுக்கு முத்து வடம் ஸமர்ப்பிக்கும் அன்பர்கள் ஒன்று அறிதல் நலம். முத்து சுண்ணாம்பின் இனமாகையால் புளிப்பும் வியர்வையும் அதன் ஒளியைக் கெடுக்கும். திருமஞ்சனத்திற்கு முன் திருவாபரணங்கள் களையப்படுவதற்கு ஆகம நெறியோடு இப்பயனும் உண்டு. சாற்றிக் களைந்தபின் மெல்லிய துணியால் ஒற்றி வைப்பதும், நூல் தளர்ந்தவுடன் புதுநூலில் கோப்பதும் வடத்தை நெடுங்காலம் காக்கும். மணி நூற்றாண்டுகள் நிற்கும். நூலே முதலில் தேயும். நூலைப் பேணாதவன் மணியை இழப்பான்.

ஸேவிக்கும் முறை

இனி, உத்ஸவத்தில் எம்பெருமானை ஸேவிக்கும் அன்பர்கள் மனத்திற்கொள்ள வேண்டுவது ஒன்றுண்டு. கூட்டம் நெருங்குகிறது. முன்னே நிற்பவர் மறைக்கிறார். திருவாபரணத்தின் ஒளியை ஒரு கணமேனும் காண வேண்டும் என்னும் ஆவலில் முதியவர் ஒருவரைத் தோளால் தள்ளுகிறோம். குழந்தையை ஏந்திய தாயை ஒதுக்குகிறோம். கந்தல் உடுத்தவரைக் கடிந்து பேசுகிறோம். பின்னர்க் கைகூப்பி நிமிர்ந்து, திருமார்பில் கௌஸ்துபத்தைக் கண்டு கண்ணீர் பெருக்குகிறோம்.

அந்தக் கௌஸ்துபம் எதைக் குறிக்கிறது என்பதை அறிந்தோமாயின், சற்றுமுன் தள்ளப்பட்டவர் யார் என்பதும் விளங்கும். எம்பெருமான் எந்த ஜீவ தத்துவத்தைத் தன் திருமார்பில், பிராட்டி வாழும் இடத்தில் அணிந்து பெருமை கொள்கிறானோ, அந்த மணியே முதியவராகவும், தாயாகவும், கந்தல் உடுத்தவராகவும் நம் அருகே நின்றது. மணியைக் காண மணியைத் தள்ளுவது முறையாகுமா? பாகவத அபசாரத்தை எம்பெருமான் பொறான் என்று பெரியோர் அஞ்சியதன் காரணம் இதுவே.

அருகில் நிற்பவருக்கு ஓர் அடி இடம் விடுதலும், எட்டிக் காண இயலாத குழந்தையைத் தூக்கிக் காட்டுதலும், நடக்க இயலாதவருக்குக் கை கொடுத்தலும் திருவாபரண ஸமர்ப்பணத்திற்குக் குறைந்தவை அல்ல. இரத்தினம் வாங்க இயலாதவரும் இவற்றை ஸமர்ப்பிக்கலாம். ஒவ்வொரு மணியும் அடுத்த மணிக்கு இடம் கொடுப்பதனால்தான் மாலை வளைந்து அழகு பெறுகிறது.

எல்லா மணிகளுக்குள்ளும் நூலாய் நின்று, அம்மணிகளையே மாலையாய் அணிந்து, அடியார் குழாத்தின் நடுவே எழுந்தருளும் எம்பெருமான், இவ்வுத்ஸவத்திற்கு வந்துள்ள அன்பர்கள் அனைவருக்கும் ஸகல மங்களங்களையும் அருள்வானாக!

எம்பெருமான் திருவடிகளே சரணம்.